கடலுக்குள் நட்ட அளவைக்கல்: ஜோன் ஸ்மீட்டனும் எடிஸ்டன் வெளிச்சவீடும்

ஜோன் ஸ்மீட்டன் என்ற பெயரைப் பொறியியல் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். தன்னைக் குடிசார் பொறியியலாளர் என்று அழைத்துக்கொண்ட முதல் மனிதர், தண்ணீருக்கடியிலும் இறுகும் சாந்தை ஆராய்ந்தவர் என்று பாடப்புத்தகங்களில் அவருக்கு இரண்டு வரி கிடைக்கும். நான் அவரைத் தேடிப் போனது வேறு வழியால். நில அளவை வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். அளவையாளன் கண்ணுக்கு ஒரு கட்டடத்தின் அழகு இரண்டாம் பட்சம். அது தூரத்திலிருந்து தெரிகிறதா, நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுக்கடலில் பதில் சொன்ன கட்டடம் ஸ்மீட்டனுடைய எடிஸ்டன் வெளிச்சவீடு.

1724ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி, வட இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஓஸ்தோர்ப் என்ற ஊரில் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. மகனும் அதே தொழிலுக்கு வரவேண்டும் என்று லண்டனுக்குப் படிக்க அனுப்பினார். பையனுக்கோ சிறு வயதிலிருந்தே கடைசல் இயந்திரமும் அரமும்தான் பிரியம். கொஞ்சக் காலம் நீதிமன்றங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டம் தனக்குச் சரிவராது என்று தந்தைக்கு எழுதினார். தந்தை விட்டுக்கொடுத்தார். நம்முடைய குடும்பங்களில் எத்தனை தந்தையர் அப்படி விட்டுக்கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

லண்டனில் அவர் தொடங்கியது கணித, விஞ்ஞானக் கருவிகள் செய்யும் பட்டறை. கப்பல்களுக்கான திசைகாட்டியைத் திருத்தினார். வெப்பத்தில் உலோகங்கள் எவ்வளவு விரிகின்றன என்று அளக்கும் கருவி செய்தார். 1753இல் ரோயல் சொசைட்டியில் அங்கத்தவரானார். நீர்ச்சக்கரங்களையும் காற்றாலைகளையும் மாதிரிகள் செய்து சோதித்து எழுதிய ஆய்வுக்கு 1759இல் கொப்ளி பதக்கம் கிடைத்தது. யோர்க் நகரின் மணிக்கூடு செய்பவரான ஹென்றி ஹிண்ட்லி அவருடைய நண்பர். ஒரு வட்டத்தைச் சமமான பாகங்களாகப் பிரிக்க ஹிண்ட்லி கையாண்ட முறையைப் பற்றிப் பல வருடங்களுக்குப் பின் ஸ்மீட்டன் ரோயல் சொசைட்டிக்கு விரிவாக எழுதினார். வட்டத்தைப் பிழையில்லாமல் பிரிக்கத் தெரியாவிட்டால் கோணம் அளக்க முடியாது. கோணம் அளக்க முடியாவிட்டால் வரைபடம் இல்லை. ஸ்மீட்டனை நான் முதலில் ஒரு கருவிக்காரராகவே பார்க்கிறேன். கட்டடம் கட்டியது அதற்குப் பின்புதான்.

எடிஸ்டன் என்பது பிளிமத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 22 கிலோமீற்றர் தொலைவில், கடல் பொங்கும்போது மூழ்கிப்போகும் பாறைக்கூட்டம். ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் கப்பல்களுக்கு அது எமன். அதன்மேல் முதல் வெளிச்சவீட்டை ஹென்றி வின்ஸ்டன்லி 1698இல் கட்டினார். பெரும் புயல் ஒன்று அடிக்கும்போது அதற்குள் இருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை என்பார்கள். 1703 நவம்பரில் அந்தப் புயல் வந்தது. கோபுரமும் அவரும் அதற்குள் இருந்தவர்களும் தடயமின்றிப் போனார்கள். இரண்டாவதை ரட்யர்ட் என்பவர் பெரும்பாலும் மரத்தால் கட்டினார். 1709 முதல் 46 வருடம் நின்று, 1755 டிசம்பரில் தீப்பற்றி எரிந்தது. காவலர்களில் ஒருவரான 94 வயது முதியவர் அண்ணாந்து தண்ணீர் வீசியபோது கூரையின் ஈயம் உருகி வாய்க்குள் விழுந்தது. பன்னிரண்டு நாள் உயிரோடிருந்து இறந்தார்.

வெளிச்சவீட்டின் குத்தகைக்காரர்கள் அடுத்த கோபுரத்துக்கு ஆள் தேடி ரோயல் சொசைட்டியின் தலைவரைக் கேட்டார்கள். அவர் சுட்டிய பெயர் ஸ்மீட்டன். அப்போது அவருக்கு வயது 31. அதுவரை கடலில் எதையும் கட்டியதில்லை.

1756 ஏப்ரலில் பாறையில் கால்வைத்த ஸ்மீட்டன் செய்த முதல் வேலை அளப்பது. காற்றும் அலையும் விட்ட நேரங்களில் இறங்கி, சாய்ந்தும் பிளந்தும் கிடந்த அந்தப் பாறையின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்தார். பிறகு கரைக்கு வந்து பாறையின் மாதிரியைத் தன் கையாலேயே செய்தார். வெட்டுவதற்கு முன் பாறை இருந்த நிலைக்கு ஒரு மாதிரி, வெட்டிய பின் இருக்க வேண்டிய நிலைக்கு இன்னொன்று. ஒப்பந்தக்காரரிடம் விட்டிருக்கலாம். விடவில்லை. நிலத்தை அளக்காமல் கோடு கீறுபவர்கள் மலிந்த காலத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது பொறாமையாக இருக்கிறது.

கல் கோபுரம்தான் என்று முடிவெடுத்தார். மரம் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. அவருடைய வாதம் எளிமையானது: பாரம் இருந்தால்தான் கடலுக்கு எதிராக நிற்கும். அடியில் அகன்று, மேலே வளைவாகக் குறுகிச் செல்லும் அந்த வடிவத்தை ஓக் மரத்தின் அடிமரத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அது நல்ல கதை. எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் காற்று மரத்தைத் தள்ளுவதும் அலை கோபுரத்தை அறைவதும் ஒரே விஷயம் அல்ல என்று பின்வந்த வெளிச்சவீட்டுப் பொறியியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கோபுரத்தை நிற்கவைத்தவை கல்லின் பாரமும், கற்களைக் கோத்த முறையும், சாந்தும்.

தச்சர்கள் பெட்டியின் மூலையில் பலகைகளைப் பல்லுக்குப் பல் கோத்து இறுக்குவார்கள் அல்லவா, அதையே கல்லில் செய்தார். ஏறக்குறைய 1,500 கற்கள். வெளியே கோர்ன்வோல் கருங்கல், உள்ளே வெட்டுவதற்கு இலகுவான போர்ட்லண்ட் கல். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைக் கவ்வும். ஒரு வரிசை மேல் வரிசையோடு வழுக்காதிருக்க நடுவே பளிங்கு முளைகள். அடியில் அவர் பாறையையே படிபடியாக வெட்டி, முதல் வரிசைக் கற்களை அதற்குள் பொருத்தினார். எது பாறை, எது கட்டடம் என்று கடலுக்குத் தெரியக்கூடாது என்பது போல. ஒவ்வொரு வரிசையையும் முதலில் பிளிமத்தில் உள்ள மில்பே முற்றத்தில் அடுக்கிப் பார்த்து, இலக்கமிட்டு, பிறகே படகேற்றினார்கள்.

சாந்துக்கு அவர் எடுத்த பாடு தனி அத்தியாயம். வெவ்வேறு ஊர்ச் சுண்ணாம்புக் கற்களைச் சுட்டு, குழைத்து, உருண்டை பிடித்துத் தண்ணீருக்குள் போட்டுப் பார்த்தார். சில கரைந்தன, சில இறுகின. அதுவரை கொத்தர்களிடையே இருந்த நம்பிக்கை, கல் எவ்வளவு கடினமோ சுண்ணாம்பும் அவ்வளவு உறுதி என்பது. ஸ்மீட்டன் கற்களை அமிலத்தில் கரைத்து மிஞ்சியதைப் பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்தான் நீருக்குள் இறுகுகிறது. அத்தகைய சுண்ணாம்போடு இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலைச் சரிபாதி சேர்த்து எடிஸ்டனுக்கான சாந்தை அமைத்தார். பின்னாளில் போர்ட்லண்ட் சீமெந்துக்கு 1824இல் உரிமம் பெற்ற ஜோசப் அஸ்ப்டினும் லீட்ஸ்காரர்தான். இன்று நம் வளவுகளில் வந்து இறங்கும் சீமெந்துப் பைகளின் பூர்வீகம் தேடினால் இந்தப் பாறையில் ஒரு கிளை போய் முட்டும்.

வேலையாட்களில் கோர்ன்வோல் தகரச் சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பிரான்சோடு யுத்தம் தொடங்கியிருந்த காலம் அது. கடற்படைக்கு ஆள் தேவைப்பட்டால் தெருவிலும் படகிலும் அகப்பட்டவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் என்னவென்று நமக்கு விளக்கத் தேவையில்லை. ஸ்மீட்டன் அதிகாரிகளிடம் பேசி, தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம் வாங்கிக் கொடுத்தார். அதைக் காட்டினால் பிடிக்க மாட்டார்கள். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இது.

அவர் கரையில் நின்று கட்டளை இட்டவர் அல்ல. பாறையில் விழுந்து பெருவிரல் மூட்டு விலகியபோது, வைத்தியர் கரையில்தான் இருக்கிறார் என்பதால் தானே இழுத்துப் பொருத்திக்கொண்டார். முதல் பருவம் முடிந்து திரும்பும்போது கலம் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, நாட்கணக்கில் அலைந்து பிளிமத் வந்து சேர்ந்தது. 1757 ஜூன் 12இல் முதல் கல். 1759 ஓகஸ்டில் கடைசிக் கல். மூன்று வருடத்துக்கு மேல் நீண்ட வேலையில் பாறைமீது உண்மையில் வேலை செய்யக் கிடைத்த நேரத்தைக் கூட்டினால் சில மாதங்கள்தான் வரும். கட்டுமானத்தில் ஒருவரும் சாகவில்லை. 1759 ஒக்டோபர் 16ஆம் திகதி இரவு, 22 மீற்றர் உயரக் கோபுரத்தில் 24 மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டன. அவ்வளவு பாடும் 24 மெழுகுதிரிகளுக்காக!

அதன்பின் முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்மீட்டன் பிரித்தானியா முழுவதும் அலைந்தார். ஸ்கொட்லாந்தின் போர்த்–கிளைட் கால்வாய், கோல்ட்ஸ்ட்ரீம் பாலம், ராம்ஸ்கேட் துறைமுகம், ஆலைகள், நீராவி இயந்திரங்கள். 1771இல் லண்டனில் அவரும் சகாக்களும் சேர்ந்து குடிசார் பொறியியலாளர்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். எடிஸ்டனில் தன்னிடம் மேற்பார்வை செய்த ஜோசையாஸ் ஜெசொப் இறந்தபோது அவருடைய மகன் வில்லியத்தைத் தன்னிடம் சேர்த்துத் தொழில் பழக்கினார். அந்தப் பையன் பின்னர் பெயர்பெற்ற கால்வாய்ப் பொறியியலாளர் ஆனான்.

தோல்வியும் உண்டு. டைன் ஆற்றின் குறுக்கே ஹெக்ஸாமில் அவர் கட்டிய பாலம் 1782 வெள்ளத்தில் விழுந்தது. கல் வேலை குறையில்லை. ஆற்றின் அடிமண் அரித்துப்போனது. அது அவரை ஆழமாகப் பாதித்தது. கல்லை அவர் முழுக்க அறிந்திருந்தார். கல்லுக்குக் கீழே இருப்பதை யாராலும் முழுக்க அறிய முடிவதில்லை. எடிஸ்டனிலும் கடைசியில் அதுதான் நடந்தது.

எடிஸ்டன் கட்டிய கதையை எழுதிய பெரிய புத்தகம் 1791இல் வெளிவந்தது. மறு வருடம் ஒக்டோபர் 28ஆம் திகதி, பிறந்த ஊரிலேயே இறந்தார். அருகிலுள்ள விட்கேர்க் தேவாலயத்தில் அடக்கம்.

அவர் பார்க்காமல் போன கதை இனித்தான். 1791இல் இங்கிலாந்தில் முக்கோண அளவை அரசு வேலையாகத் தொடங்கியது. தென்கரையில் பிரெஞ்சுப் படையெடுப்புப் பயம் இருந்ததால் கரையோரங்களுக்கு முன்னுரிமை. 1795, 1796இல் வில்லியம் மட்ஜ் உள்ளிட்ட அளவையாளர்கள் டெவன், கோர்ன்வோல் கரைகளுக்கு வந்தார்கள். அவர்களிடம் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்த, மூன்று அடி வட்டம் கொண்ட தியோடலைட் இருந்தது. நிலத்தில் இடம் தெரிந்த மேடுகளில் கருவியை நிறுத்திக் கடலைப் பார்த்தால் எடிஸ்டன் தெரியும். அதையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிச்சவீட்டுக்குப் போய் அங்கே கருவி வைக்கத் தேவையில்லை. கரையில் இடம் தெரிந்த இரண்டு புள்ளிகளிலிருந்து வெளிச்சவீட்டை நோக்கிக் கோணம் எடுத்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் அது. மூன்றாவது புள்ளியிலிருந்தும் எடுத்தால் பிழை தெரிந்துவிடும். ஒருமுறை இடம் நிச்சயமானால் அதன்பின் எல்லாம் தலைகீழாக நடக்கும். கடலின் ஆழம் பார்க்கும் படகுக்காரன் வெளிச்சவீட்டையும் கரையில் வேறு இரண்டு குறிகளையும் பார்த்து, செக்ஸ்டன்ட் கருவியால் இரண்டு கோணம் எடுத்தால் தான் நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிடலாம். ஈயக் குண்டை இறக்கிப் பார்த்த ஒவ்வொரு ஆழத்துக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது. நடுக்கடலில் வேறு எதைப் பார்த்துக் கோணம் எடுப்பது? உயரத்தைச் சொல்லும் மட்டக்குறி வேறு, இடத்தைச் சொல்லும் இந்தக் குறி வேறு. பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

தமிழ் நிலத்தில் இந்தக் கலை எப்படி வந்தது என்று அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1802இல் சென்னையின் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது பிரசித்தம். யாழ்ப்பாணமும் தட்டை நிலம். எங்களுக்கும் கோபுரமும் தேவாலய மணிக்கூண்டும் தண்ணீர்த் தாங்கியும் வெளிச்சவீடும்தான் மலை. 1990இல் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கு மக்கள், விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பி வந்தபோது எல்லைக்கல்லும் இல்லை, வேலியும் இல்லை, கிணற்றுக்கட்டும் இல்லை என்று நின்றதைக் கண்டவர்களுக்கு, அசையாத ஒரு புள்ளியின் பெறுமதியைச் சொல்லித் தெரியவைக்க வேண்டாம். உறுதியில் எழுதிய பரப்பும் குழியும் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்துதானே தொடங்க வேண்டும்.

ஸ்மீட்டனின் கோபுரம் நூறு வருடத்துக்கு மேல் அப்படி நின்றது. 1810இல் மெழுகுதிரி போய் எண்ணெய் விளக்கு வந்தது. 1870களில் பெரிய அலைகளின்போது கோபுரம் நடுங்குவதாகக் காவலர்கள் உணர்ந்தார்கள். சோதித்தபோது கோபுரத்தில் பழுதில்லை. அது நின்ற பாறையின் அடியைக் கடல் குடைந்திருந்தது. ஹெக்ஸாமின் கதை மறுபடியும்.

புதிய கோபுரத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் டக்ளஸ். பழையதிலிருந்து ஏறக்குறைய 40 மீற்றர் தள்ளி உறுதியான பாறையில் கட்டினார். 1882இல் விளக்கு ஏற்றப்பட்டது. 40 மீற்றர் என்றால் கடலில் ஒன்றுமில்லை என்று தோன்றும். 20 கிலோமீற்றர் தூரத்திலிருந்து பார்க்கும்போது பக்கவாட்டில் 40 மீற்றர் என்பது ஏறக்குறைய 7 கலைக் கோணம், முழுநிலவின் அகலத்தில் கால்வாசி. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. விகலைக் கணக்கில் வாசிக்கும் கருவிக்கு அது மலையளவு பிழை. பெயர் ஒன்றுதான், எடிஸ்டன். ஆனால் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு புதிய கோபுரத்தைப் பார்த்தவன் கணக்குத் தப்பும். அதனால்தான் அளவையாளர்கள் கோபுரத்தின் பெயரோடு ஆண்டையும் எழுதுகிறார்கள். பிளிமத் மக்களோ ஸ்மீட்டனின் கோபுரத்தை விட்டுவிட மனமில்லாமல் காசு சேர்த்தார்கள். மேற்பகுதியைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து நகரின் கடற்கரைத் திடலான ஹோவில் திரும்ப அடுக்கினார்கள். இன்றும் அங்கே ஏறிப் பார்க்கலாம். அடிக்கட்டை மட்டும் கடலில் தங்கிவிட்டது.

எண்களும் அளவைக்கல்லாக நிற்பதுண்டு. காற்றின் அழுத்தத்தைக் கணிக்க ஸ்மீட்டன் 1759இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்த ஒரு குணகத்தை, 0.005 என்று எடுத்து, நூற்றாண்டுக்கு மேலாக எல்லோரும் நம்பினார்கள். 1901இல் பறக்கும் பொறியோடு போராடிய ரைட் சகோதரர்கள்தான் அது மிக அதிகம், 0.0033 அளவே வரும் என்று கண்டார்கள். அந்த அட்டவணை ஸ்மீட்டன் தானே அளந்ததும் அல்ல, வேறொருவருடையது. தன் கையால் அளந்த பாறையில் அவர் பிழைவிடவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

டக்ளஸின் பெயர் நமக்கு அந்நியமானதல்ல. எடிஸ்டனுக்கு முன்பே அவர் வரைந்த கோபுரம் ஒன்று நம்முடைய தென்கிழக்குக் கடலில் நிற்கிறது. கிரிந்தைக்கு வெளியே, யால கரைக்கு எதிரே, சிங்களத்தில் மகா ராவண கொட்டுவ என்றும் ஆங்கிலத்தில் கிரேட் பாசஸ் என்றும் சொல்லப்படும் பாறை. பாசஸ் என்பது போர்த்துக்கேயர் ஆழமற்ற பாறைத்திட்டுகளுக்கு வைத்த சொல்லின் சிதைவு. முதலில் இரும்புக் கோபுரம் என்று திட்டமிட்டு 40,000 பவுண் செலவழித்தும் பாறைமீது ஒரு வேலையும் நடக்கவில்லை. பிறகு டக்ளஸ் கல் கோபுரம் வரைந்தார். அவருடைய தம்பி வில்லியம் டக்ளஸ் வந்து நின்று கட்டினார். ஸ்கொட்லாந்தில் செதுக்கிய கருங்கற்கள், ஸ்மீட்டன் காட்டிய வழியில் ஒன்றையொன்று கவ்வும்படி கப்பலில் வந்தன. 1873 மார்ச் 10ஆம் திகதி விளக்கு எரிந்தது. கிழக்கே சின்ன பாசஸ் 1878இல். 37 மீற்றர் உயரமான பெரிய கோபுரத்தை, வானம் தெளிந்த காலைகளில் கரையிலிருந்து தியோடலைட்டின் வழியே நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெப்பக் காற்றில் கரை முழுவதும் நெளியும். நெளிகிற கோபுரத்தின் நடுக்கோட்டில் மயிரிழையைப் பொருத்தக் காத்திருக்க வேண்டும். 2004 டிசம்பரில் சுனாமி அதற்குச் சேதம் விளைவித்தது. கோபுரம் நின்றது, விளக்கைப் பின்னர் திருத்தினார்கள்.

எடிஸ்டனில் 1982இலிருந்து காவலர்கள் இல்லை. விளக்கு தானாக எரிந்து அணைகிறது. டக்ளஸின் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஸ்மீட்டன் 1757இல் பாறையில் பொருத்திய அடி வரிசைகள் மேலே ஒன்றும் இல்லாமல் அப்படியே இருக்கின்றன. பாறை குடையப்பட்டுவிட்டது என்று சொல்லிக் கோபுரத்தைக் கழற்றியவர்கள் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது.